கழுத்துத் தசைகளைப் பாதுகாப்பாகத் தளர்த்தும் முறை

உடல் சூடேறாத நிலையில் கழுத்தை இழுப்பது பிடிப்புக்கும் சுளுக்குக்கும் இடம் தரும் என்பதால், முதலில் 5 நிமிடம் நடந்து, தோள்களை மெல்ல உருட்டிய பிறகே கழுத்துப் பயிற்சிக்கு வர வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, வலது காது வலது தோளை நெருங்கும்படி தலையைச் சாய்க்கவும்; தோளை உயர்த்திக் காதைத் தொடுவதில் பயனில்லை. இடப்பக்கத்தில் இதமான இழுவை தெரிந்ததும் அங்கேயே நிறுத்தி, இயல்பாக மூச்சு விட்டபடி 15 முதல் 30 விநாடி இருந்து, மெதுவாக நடுநிலைக்குத் திரும்பிய பின் மறுபக்கம் செய்யவும். அடுத்து முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்துவதும், முகத்தை இருபுறமும் திருப்புவதும் போதும். கையால் தலையை அழுத்தி இழுக்க வேண்டாம்.

தலையை முழு வட்டமாகச் சுழற்றும் வழக்கத்தை, அது எவ்வளவு பரவலாக இருந்தாலும், கைவிடுவதே நல்லது. தலை பின்னோக்கிச் சாய்ந்து திரும்பும்போது, கழுத்தின் 7 முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள சிறு மூட்டுகள் நெருக்கப்பட்டு, நரம்புகள் வெளியேறும் இடைவெளியும் குறுகுகிறது; வேகமும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

கூர்மையான வலி, தலைச்சுற்றல், பார்வை மங்கல், கைக்குப் பரவும் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகவும். அண்மையில் கழுத்தில் அடிபட்டவர்களும் முடக்குவாதம் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இப்பயிற்சிகளைத் தொடங்கக் கூடாது.