வெளிநாட்டு ராக் கச்சேரிக்கு இங்கிருந்து டிக்கெட் எடுப்பது எப்படி? (ஒருமுறை கோட்டைவிட்டவனின் குறிப்புகள்)

2023 ஜூன் 20, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியத்தில் நடக்கவிருந்த, கோல்ட்ப்ளே என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட், டிக்கெட் தளத்தில் என் கூடையில் இருந்தது. திரையின் மூலையில் பத்து நிமிடக் கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. பணம் கட்டினேன், மறுத்தது. இன்னொரு முறை கட்டினேன், மறுபடி மறுத்தது. மூன்றாவது முறை முயல்வதற்குள் நேரம் முடிந்து டிக்கெட் போய்விட்டது. கார்டில் போதுமான பணம் இருந்தது, எண்ணும் சரியாகத்தான் அடித்திருந்தேன். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

கையில் பாஸ்போர்ட் இருக்கிறது, ஆன்லைனில் பொருள் வாங்கிப் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. அறிவிப்பைப் பிடியுங்கள்

உலகச் சுற்றுப்பயணம் என்று அறிவித்தாலும் எல்லா ஊர்களையும் ஒரே நாளில் சொல்லிவிட மாட்டார்கள். கோல்ட்ப்ளேயின் 'மியூசிக் ஆஃப் தி ஸ்பியர்ஸ்' பயணம் 2022 மார்ச் 18 அன்று கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் தொடங்கியது. சிங்கப்பூருக்கு வந்து சேர 2024 ஜனவரி ஆனது. மும்பை, அகமதாபாத் எல்லாம் 2025 ஜனவரியில்தான். அதனால் முதல் பட்டியலில் நம் பக்கத்து ஊர் இல்லையென்று மனம் தளர வேண்டாம். குழுவின் சொந்தத் தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து வையுங்கள். சமூக ஊடகத்தில் வரும் 'டிக்கெட் இதோ' இணைப்பு எதையும் நான் தொடுவதில்லை. குழுவின் தளத்திலிருந்தே டிக்கெட் தளத்துக்குப் போவேன்.

தேதிகளும் கூடிக்கொண்டே போகும். சிங்கப்பூரில் கூட்டத்தைப் பார்த்துச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் ஆறு இரவுகள் ஆயின. மும்பையில் டிக்கெட் விற்ற அன்றே மூன்றாவது நாளைச் சேர்த்தார்கள். 'தீர்ந்துவிட்டது' என்று பார்த்ததும் மறுவிற்பனைக்காரர்களிடம் ஓடாதீர்கள்.

2. நேரத்தை மாற்றி எழுதி வையுங்கள்

சிங்கப்பூரில் காலை 10 என்றால் நமக்கு 7.30. லண்டன் காலை 9 கோடையில் நமக்கு மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. இதில் வேறொன்றும் இல்லை, அலாரம் வையுங்கள்.

3. கார்டு (நான் விழுந்த குழி)

சிங்கப்பூர் டிக்கெட் தளத்தில் நம் யூபிஐ செல்லவில்லை. விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்தபடியேதான் வரும். நாமாகப் போய்த் திறக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். முதல் நாள் இரவே வங்கிச் செயலியில் போய் 'சர்வதேசப் பயன்பாடு' என்ற பொத்தானைத் திறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

டிக்கெட் போன பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் செயலியை வாங்கிப் பார்த்தான். "மாமா, கடையில தேய்க்கிறதுக்குத்தான் ஆன் பண்ணியிருக்கீங்க. ஆன்லைனுக்குத் தனியா இருக்கு பாருங்க" என்றான். சர்வதேசம் என்ற தலைப்புக்குக் கீழே மூன்று வரி இருந்தது: கடை, ஆன்லைன், ஏடிஎம். முதல் வரி மட்டும் பச்சை. மற்ற இரண்டும் சாம்பல் நிறம்.

ஆன்லைனைத் திறந்தேன். "இருங்க, லிமிட்டு?" என்றான். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 10,000 ரூபாய் என்று இருந்தது. இரண்டு டிக்கெட்டின் விலை அதைத் தாண்டும். ஆக, ஒரு பூட்டைத் திறந்திருந்தாலும் அடுத்த பூட்டில் மாட்டியிருப்பேன்.

எனவே இதைச் செய்யுங்கள்:

– சர்வதேசம், அதற்குள் ஆன்லைன், அதற்குள் வரம்பு. மூன்றையும் பாருங்கள். டிக்கெட் விலையைவிட நன்றாகக் கூட்டியே வரம்பை வையுங்கள். தளத்தின் சேவைக் கட்டணம் தனியாக ஏறும். அந்நியச் செலாவணிக்காக வங்கி எடுக்கும் கமிஷனும் உண்டு. பல கார்டுகளில் அது 3.5 சதவீதம் வரை போகும், அதன்மேல் ஜிஎஸ்டி.

– ஒரு வாரம் முன்னாலேயே ஏதாவது வெளிநாட்டுத் தளத்தில் டாலரிலோ யூரோவிலோ சின்னதாக ஒன்று வாங்கிப் பாருங்கள். நான் இப்போது நூறு இருநூறு ரூபாயில் ஒரு மின்னூல் வாங்கிச் சோதிக்கிறேன். இந்தச் சோதனையில் தேறாத கார்டு விற்பனை நாளில் தேறாது.

– வேலை முடிந்ததும் மறக்காமல் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.

4. வரிசை

விற்பனை தொடங்கும் முன்பே தளம் 'காத்திருப்பு அறை' ஒன்றைத் திறக்கும். அங்கே முதலில் வந்தவருக்கு முதலிடம் என்று நினைத்து விடிகாலையிலேயே எழுந்து உட்கார்ந்தேன். பயனே இல்லை. பொதுவாக, விற்பனை தொடங்கும் நொடியில் அறையில் இருக்கும் எல்லோருக்கும் குலுக்கல் முறையில்தான் எண் கொடுப்பார்கள். அந்த நொடிக்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோருக்கும் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். பதினைந்து நிமிடம் முன்னால் உள்ளே இருந்தால் போதும். ஒரு நிமிடம் தாமதித்தால் கதை முடிந்தது.

எண் வந்த பிறகு பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். கணக்கில் முன்கூட்டியே உள்நுழைந்து, பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கொடுத்து வையுங்கள். விபிஎன் (நாம் இருக்கும் ஊரை மறைக்கும் செயலி) இருந்தால் அணைத்துவிடுங்கள். கைபேசி வேண்டாம், மடிக்கணினிதான் என் கட்சி. இருக்கைப் படத்தை ஐந்தங்குலத் திரையில் விரலால் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் எடுத்துவிடுவார்.

அன்று மறுபடி வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு மேல் வேறொரு இரவுக்கு மேல் அடுக்கில் இரண்டு இருக்கை எடுத்தேன். அக்கா மகனுக்கு ஒரு பிரியாணி ஆயிற்று.

5. எங்கே உட்காருவது?

மேடைக்கு முன்னால் நிற்கும் பகுதிதான் உசத்தி என்பார்கள். முதல்முறை போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பல மணி நேரம் நிற்க வேண்டும், முன்னால் ஆறடி ஆள் நின்றால் அவர் முதுகுதான் கச்சேரி. கோல்ட்ப்ளேயில் வாசலிலேயே ஒளிரும் கைப்பட்டை ஒன்று தருவார்கள். மேல் அடுக்கிலிருந்து பார்த்தால் மொத்த அரங்கும் ஒரே நொடியில் மஞ்சளாக மாறும். கீழே நிற்பவருக்கு அக்கம்பக்கத்துக் கைகள்தான் தெரியும்.

6. விசா, விமானம், அந்த நாள்

டிக்கெட் கைக்கு வராமல் விமானம் போடாதீர்கள். சிங்கப்பூருக்கு விசா எடுத்தாலும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் போலி.

லிட்டில் இந்தியாவில் தங்கினால் சாப்பாட்டுக் கவலை இல்லை. அங்கிருந்து மெட்ரோ ரயிலில் டவுன்டவுன் பாதையில் புரோமனாட் போய், வட்டப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்டேடியம். திரும்பும்போது மட்டும் அந்த நிலையத்துக்குப் போகாதீர்கள். ஐம்பதாயிரம் பேரும் அங்கேதான் போவார்கள். காலாங் நிலையம் வரை கால்மணி நேரம் நடங்கள். அங்கிருந்து இரண்டாவது நிறுத்தமான புகிஸில் மாறினால் லிட்டில் இந்தியா வந்துவிடும்.

காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். கிண்டல் செய்த என் தம்பியே பாதியில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பின்சேர்க்கை 1: ஓடிபி வரவேயில்லை, ஆனால் பணம் போய்விட்டது, மோசடியா என்று ஒருவர் பதறிக் கேட்டிருந்தார். பதற வேண்டாம். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்பதே இல்லை. உறுதி மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: விலை கட்டுப்படியாகவில்லை என்று சிலர் எழுதினார்கள். இந்தச் சுற்றுப்பயணத்தில் 'இன்ஃபினிட்டி டிக்கெட்' என்று கொஞ்சம் ஒதுக்கினார்கள். ஒன்று சுமார் 20 யூரோ, இந்தியாவில் 2,000 ரூபாய். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், இருக்கை எங்கே என்பது டிக்கெட்டைக் கையில் வாங்கும்போதுதான் தெரியும். மேடைக்கு அருகிலும் அமையலாம், கூரையடியிலும் அமையலாம். வேறு குழுக்களில் இப்படி உண்டா என்று அந்தந்தத் தளத்தில் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: கைப்பட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், எப்படி எரியவைப்பது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எரியாது தம்பி. அங்கிருந்து சிக்னல் வந்தால்தான் எரியும். வெளியேறும் வாசலில் பெட்டி வைத்திருந்தார்களே, அதில் போட்டிருந்தால் அடுத்த ஊரில் வேறொருவர் கையில் எரிந்திருக்கும்.