புது பேண்ட்சா செட் பண்றப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேண்ட்சாங்கறது மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு வீல்ல வளையமான பிளேடு ஓடி மரம் அறுக்குற மெஷின். அதைப் புதுசா வாங்குனவங்க சொல்ற முதல் குறை, பிளேடு நேரா போகாம ஒரு பக்கமா இழுக்குதுங்கறதுதான். மெஷின் சரியில்லன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. செய்யற அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் சரியா இருந்தும், எதுக்கு அப்புறம் எது செய்யணும்ங்கற வரிசை மாறினா இந்த மெஷின் ஒழுங்கா அறுக்காது. வீட்ல பொதுவா வாங்குற 14 இஞ்ச் மெஷினை (வீலோட விட்டம் 14 இஞ்ச்) வச்சே சொல்றேன்.

பேக்டரியிலயே எல்லாம் செட் பண்ணித்தானே அனுப்பிருப்பாங்கன்னு பிளக்கை சொருகி ஆன் பண்ணிடாதீங்க. லாரில குலுங்கி வந்த மெஷின், டேபிளே தனியா வரும், நீங்கதான் மாட்டணும். மாட்டுனதுக்கு அப்புறம் டேபிளைப் புடிச்சு தூக்கி நகத்தவே கூடாது, கீழ அதைத் தாங்குற டிரன்னியன் விரிசல் விடும், அதோட இது மேல்பக்கம் கனமான மெஷின், சாஞ்சா புடிக்க முடியாது. டேபிள் மேல துரு புடிக்காம தடவிருக்குற கிரீஸை டர்பன்டைன் நனைச்ச துணியால தொடச்சு எடுத்துட்டு பேஸ்ட் வேக்ஸ் போட்டுடுங்க. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்னா இதை அன்னைக்கே முடிக்கணும், வார்ப்பிரும்பு அவ்ளோ சீக்கிரம் துரு புடிக்கும். சிலிக்கோன் கலந்த கார் பாலிஷ் வேண்டாம், அது மரத்துல ஒட்டிட்டா அப்புறம் போடுற வார்னிஷ் குழி குழியா விலகும்.

கரண்ட் விஷயத்துல நிறைய பேர் அசால்ட்டா இருக்காங்க. 1 ஹெச்பி மோட்டார்னா 746 வாட்ஸ், ஆனா ஸ்டார்ட் ஆகுற அந்த நொடி அதைவிட பல மடங்கு இழுக்கும். அதனால 6 ஆம்ப் சாக்கெட்ல மெலிசான எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஓட்டாதீங்க. எர்த் ஒழுங்கா உள்ள 16 ஆம்ப் சாக்கெட், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போடுங்க. பழைய மெஷின் வாங்குறீங்கன்னா மோட்டார் த்ரீ ஃபேஸா சிங்கிள் ஃபேஸான்னு பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். பிளேடு ஆடுதுன்னு பாத்தவுடனே எல்லார் கையும் போறது பிளேடுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற கைடு பேரிங்குக்குத்தான், ரெண்டு பக்கமும் நெருக்கிப் புடிச்சா நேரா ஓடும்னு நெனைக்கிறாங்க, அங்கதான் மொத்த செட்டிங்கும் கெடுது. பிளேடை ஓட்டுறது வீல்தான், கைடு சும்மா பக்கத்துல துணைக்கு நிக்கறது. அதனால பிளக்கை கழட்டிட்டு மேல கீழ இருக்குற எல்லா கைடையும், பின்னாடி பிளேடோட முதுகைத் தாங்குற த்ரஸ்ட் பேரிங்கையும் பிளேடு பக்கமே வராத அளவுக்கு பின்னாடி தள்ளிடுங்க. அப்புறம் பிளேடை மாட்டுங்க. பல்லு உங்களைப் பாத்து, கீழ்நோக்கி இருக்கணும். எப்படி திருப்பினாலும் மேல்நோக்கியே நிக்குதுன்னா பிளேடு உள்பக்கம் வெளிய வந்திருக்கு, முறுக்கி மாத்திப் போடணும். சுருட்டி வச்ச பிளேடை பிரிக்கும்போது திடீர்னு விரியும், அப்போ கண்ணாடியும் கிளவுஸும் போட்டுக்கங்க, கிளவுஸ் அதுக்கு மட்டும்தான்.

அடுத்தது டென்ஷன், அதாவது பிளேடை எவ்ளோ விறைப்பா இழுத்து வைக்கறதுங்கறது. மெஷின்ல இருக்குற ஸ்கேல் ஒரு குத்துமதிப்புதான். மேல் கைடை டேபிள்ல இருந்து 6 இஞ்ச் தூக்கி வச்சுட்டு பிளேடோட பக்கவாட்டுல விரலால அழுத்துங்க, ரெண்டு நூலுக்கு (கால் இஞ்சுக்கு) மேல வளைஞ்சா இன்னும் முறுக்கணும். 14 இஞ்ச் மெஷின்ல முக்கால் இஞ்ச் பிளேடு போட ஆசைப்படாதீங்க, போட்டாலும் அதுக்கு வேண்டிய டென்ஷனை நிறைய மெஷின் தராது. அரை இஞ்சே போதும்.

டென்ஷன் வச்சதுக்கு அப்புறம்தான் டிராக்கிங், அதாவது பிளேடு வீல் மேல சரியான இடத்துல ஓட வைக்கறது. மேல் கதவைத் திறந்து வீலை கையால மெதுவா சுத்திக்கிட்டே பாருங்க. வீல் டயர் நடுவுல லேசா மேடா இருக்கும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்குற பள்ளம் அந்த மேட்டு மேல உக்கார்ற வரைக்கும் பின்னாடி இருக்குற நாபை கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. ஒவ்வொரு தடவை திருப்புன பிறகும் வீலை நாலஞ்சு சுத்து விட்டாத்தான் பிளேடு எங்க நிக்குதுன்னு தெரியும். பிளேடோட அகலத்துக்கு நடு வரணும்னும் சிலர் சொல்லுவாங்க, எனக்கு பள்ளத்தை நடுவுல வைக்கறதுதான் சரின்னு படுது, அப்படி வச்சா ஃபென்ஸை (மரத்தை ஒட்டி நகத்துற தடுப்பை) டேபிள்ல நீளமா போற ஸ்லாட்டுக்கு நேரா வச்சு அறுக்கும்போதே இழுவை பெரும்பாலும் அடங்கிடும்.

அடுத்து டேபிள் மட்டம், அதாவது டேபிள் பிளேடுக்கு 90 டிகிரியா இருக்கான்னு மூலமட்டம் வச்சு பாக்கும்போது பல்லுல சாய்க்காதீங்க, பல்லு ரெண்டு பக்கமும் விரிஞ்சிருக்கும், பொய் சொல்லும். அதுக்குப் பின்னாடி இருக்குற தட்டையான இடத்துல வைங்க. கடைசியா கைடு உட்பட எல்லா செட்டிங்கும் முடிஞ்சு ஓட்டிப் பாக்கும்போது, 3 இஞ்ச் கனமுள்ள துண்டு ஒண்ணை கொஞ்ச தூரம் அறுத்துட்டு, மெஷினை நிறுத்தி, துண்டை அப்படியே திருப்பி பிளேடோட முதுகுப் பக்கமா கொண்டு போங்க. அறுத்த வாய்க்குள்ள பிளேடு தடையில்லாம நுழைஞ்சா 90 டிகிரி கரெக்ட். சாஞ்சிருந்தா இந்த டெஸ்ட்ல அந்தச் சாய்வு ரெண்டு மடங்கா தெரியும், ஏமாற வழியே இல்ல.

டேபிள் மட்டம் பாத்து முடிச்ச பிறகுதான் கைடு. பக்கத்து பேரிங்கை பள்ளத்துக்கு கொஞ்சம் பின்னாடி நிறுத்துங்க, பல்லு அதுல பட்டா ஒரே நாள்ல மொக்கையாயிடும். ஒரு ஏ4 பேப்பர் துண்டை பிளேடுக்கும் பேரிங்குக்கும் நடுவுல வச்சு, பேப்பர் லேசா புடிச்சா போல வந்ததும் டைட் பண்ணிட்டு பேப்பரை உருவிடுங்க. த்ரஸ்ட் பேரிங்குக்கும் அதே இடைவெளி, சும்மா ஓடும்போது சுத்தக்கூடாது, மரத்தை தள்ளும்போது மட்டும் சுத்தணும்.

இவ்வளவு செஞ்சும் அறுக்கறது கோணலா இருந்தா மெஷினோட வந்த பிளேடைத் தூக்கி ஓரமா வைங்க. பெரும்பாலும் அது சுமாரானதுதான். கனமான மரத்தை பலகையா பிளக்க இஞ்சுக்கு 3 பல்லு போதும், பல்லு அதிகமானா தூள் வெளியேற இடமில்லாம பிளேடு சூடாகி வளையும். அரை இஞ்ச் பிளேடால ரெண்டரை இஞ்ச் ரேடியஸுக்கு குறைவான வளைவு அறுக்க முயற்சி பண்ணாதீங்க, அதுக்கு கால் இஞ்ச் பிளேடு இருக்கு. தேக்குல சிலிக்கா இருக்கறதால எந்த பிளேடும் சீக்கிரம் மழுங்கும், அதை மெஷின் மேல பழி போடாதீங்க.

தூளை யாரும் கண்டுக்கறதில்ல. கீழ் வீல் டயர்ல மரத்தூள் அப்பிக்கிட்டா பிளேடு குதிக்க ஆரம்பிக்கும், அங்க ஒரு பிரஷ் இருக்கான்னு பாருங்க. மூச்சுல போறதும் சாதாரணமில்ல, மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே வகைப்படுத்தியிருக்கு. மாஸ்க் இல்லாம ஓட்டாதீங்க.

அறுக்கும்போது மேல் கைடு மரத்துக்கு ரெண்டு நூல் மேலதான் நிக்கணும், உயரத்துல விட்டா பிளேடும் வளையும், விரலும் மாட்டும். லுங்கி, தோள்ல துண்டு, கிளவுஸ் எதுவும் வேண்டாம்.

வேலை முடிஞ்சா டென்ஷனை இறக்கிடுங்க, இல்லன்னா டயர்ல பள்ளம் விழும். இறக்குன கையோட "டென்ஷன் இல்ல"ன்னு எழுதி சுவிட்ச் மேல ஒரு அட்டையை மாட்டிடுங்க, வீட்ல வேற யாராவது ஆன் பண்ணா பிளேடு வீலை விட்டு கழண்டுடும்.