தானாகப் புரள முடியாதவரை இரவில் திருப்பிவிடுவது: பராமரிப்பவரும் தூங்க ஓர் ஒழுங்கு

பக்கவாதத்தாலோ முள்ளந்தண்டுக் காயத்தாலோ படுக்கையோடு இருப்பவரை வீட்டுக்கு அனுப்பும்போது, "இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்புங்கோ" என்று வாட்டில் சொல்லிவிடுவார்கள். பகலில் எப்படியோ நடந்துவிடும். இரவு வேலைதான் பெரும்பாலும் அம்மாவின் மேலோ மனைவியின் மேலோ முழுதாக விழுகிறது. இரவுக்கு நாலு தரம் எழும்பி, குனிந்து, இழுப்பவருக்கு நாரி நோவு வரும். அவர் விழுந்துவிட்டால் பார்க்க ஆளில்லை. ஆகவே பராமரிப்பவரின் தூக்கத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணி ஒழுங்கு செய்யுங்கள்.

முதலில் மெத்தை. நம் வீடுகளில் இருக்கும் தும்பு மெத்தை மிகவும் கடினம். அதன்மேல் 4 அங்குல அடர்த்தியான ஸ்பொஞ்ச் போடுங்கள். அவர் படுத்தபின், ஸ்பொஞ்சுக்கும் தும்பு மெத்தைக்கும் இடையில், பிட்டத்துக்கு நேர் கீழே உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குல ஸ்பொஞ்சாவது நசுங்காமல் நிற்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் ஸ்பொஞ்ச் போதாது, அல்லது பழுதாகிவிட்டது. ரப்பர் சீட்டை நேரே தோலில் படவிடாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் நாட்களில் முதுகு வியர்வையில் ஊறி, தோல் இலகுவில் உரியும். மேலே பழைய பருத்திச் சாரத்தை விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். காற்று மெத்தை நல்லதுதான். ஆனால் கரண்ட் நின்றால் காற்றும் போகலாம், அதை நம்பி ஸ்பொஞ்சை எறிந்துவிடாதீர்கள்.

அடுத்தது கட்டில். சுவரோடு ஒட்டியிருந்தால் இழுத்து, இரண்டு பக்கமும் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விடுங்கள். உயரம் திருப்புகிறவரின் இடுப்பளவு இருந்தால் முதுகு தப்பும். கட்டில் கால் நழுவாதபடி நடுவில் குழி வெட்டிய மரக்கட்டைகளை வைத்து உயர்த்தலாம். சக்கர நாற்காலிக்கு மாறுகிறவர் என்றால் கட்டில் நாற்காலி உயரத்திலேயே இருக்கட்டும். அப்போது திருப்புகிறவர் ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

திருப்புவதற்கு ஒரு பருத்திச் சீலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்குக் கீழே நிரந்தரமாக விரித்துவையுங்கள். வலப்பக்கம் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் சமமாக்குங்கள். முதலில் இடப்பக்கம் நின்று, சீலையைப் பிடித்து அவரை உங்கள் பக்கம் நகர்த்துங்கள். தோள், இடுப்பு, கால் என்று மூன்று பகுதியாக. இதை விட்டால் திருப்பியதும் கட்டில் விளிம்புக்கு வந்துவிடுவார். பிறகு வலப்பக்கம் வந்து, அவருடைய இடக்கையை நெஞ்சின் குறுக்கே வைத்து, இடது காலை வலது காலின் மேல் போட்டு, தூரத்துச் சீலை ஓரத்தைப் பிடித்து, முழங்காலை மடக்கி, உங்கள் பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து இழுங்கள். வழங்காத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு விலகும்.

முழுதாகப் பக்கவாட்டில் படுக்கவிட்டால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கி அங்கே புண் வரும். முதுகுக்குப் பின்னால் தோள் முதல் இடுப்பு வரை ஒரு தலையணை அண்டக்கொடுத்து, 30 பாகை சரிவில் நிறுத்துங்கள். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிக்கால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கடைசியாக மடங்கிய காது, சட்டைப் பொத்தான், தொடைக்குக் கீழ் அகப்பட்ட சலக்குழாய் மூன்றையும் பாருங்கள். குழாயிலிருந்து சலம் சேரும் பை எப்போதும் அடிவயிற்றை விடத் தாழ்வாகத் தொங்கட்டும். படுக்கப்போகுமுன் பையை வெறுமையாக்கினால் நள்ளிரவில் ஓரெழும்பல் குறையும்.

இனித்தான் தூக்கத்துக்கான வழி. இரண்டு மணித்தியாலம் என்பது ஆரம்பக் கணக்கு. தோல் நன்றாக இருந்து, மெத்தையும் சரியாக இருந்தால், கிளினிக்கில் கேட்டுக்கொண்டு, இரவு இடைவெளியை அரை மணித்தியாலம் கூட்டுங்கள். சில இரவுகள் அப்படியே விட்டு, ஒவ்வொரு காலையும் நாரிக்குக் கீழ், இடுப்பின் இரு பக்கம், குதிக்கால், கணுக்கால், காது எல்லாம் பாருங்கள். நம் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பு, சூடு, கட்டித்தன்மை இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் மறையாத அடையாளம் ஒன்று இருந்தாலும் பழைய இடைவெளிக்குத் திரும்புங்கள். இப்படிப் படிப்படியாக நாலு மணித்தியாலம் வரை எட்டியவருக்கு, இரவு பத்து, இரண்டு, காலை ஆறு என்று நடுவில் ஒரே ஓர் எழும்பல்தான்.

அந்த இரண்டு மணி எழும்பலை வேறொருவருக்குக் கொடுங்கள். கடலுக்குப் போகிற வீட்டில் அந்நேரம் எழும்புகிறவர் இருப்பார். அவர் திருப்பிவிட்டுப் போகலாம். வளர்ந்த மகனை மச்சாளோ தங்கச்சியோ தொடுவது கூச்சமென்று சொல்லி எல்லாம் அம்மாவிடமே வந்து சேர்கிறது. சீலையைப் பிடித்துத் திருப்பும்போது உடுப்பை விலக்கத் தேவையில்லை, ஆகவே இந்த வேலையை யாரும் செய்யலாம். புதிய ஆளுக்குப் பகலிலேயே சில தடவை பழக்குங்கள். கிழமைக்கு ஒரு முழு இரவு அம்மா வேறு அறையில் படுக்கட்டும்.

சக்கர நாற்காலி, மாதாந்தக் கொடுப்பனவு போன்றவற்றுக்குப் திருகோணமலை மாவட்டத்தில் பட்டினமும் சூழலும், மூதூர், கிண்ணியா என்று உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம், வைத்திய அறிக்கை இரண்டையும் பிரதி எடுத்து வைத்திருங்கள்.

கறுத்த இடத்தைத் தேய்த்துவிடவோ, வளைய வடிவத் தலையணை வைக்கவோ, உணர்ச்சியில்லாத இடத்தில் சுடுநீர்ப் போத்தல் வைக்கவோ வேண்டாம். மூன்றும் காயத்தைப் பெருக்கும். தோல் உடைந்துவிட்டால் மஞ்சளோ பவுடரோ போடாமல், அந்தப் பக்கம் பாரம் விழாதபடி படுக்கவைத்து, மறுநாளே கிளினிக்கில் காட்டுங்கள். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு முறிந்தவர் இரவில் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலிக்குது என்று சொல்லி, முகம் வியர்த்தால், உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, சலக்குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயைச் சரிசெய்தும் வலி அடங்காவிட்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.