கட்டிலிலிருந்து கழிப்பறை வரை: பெரிய வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் முறை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டில், ஆத்தா படுத்திருந்த அறையிலிருந்து பின்கட்டுக் கழிப்பறைக்குப் போக ஐந்து நிலைப்படி தாண்ட வேண்டும். ஆத்தாவுக்கு வயது 84. ராத்திரியில் மூன்று தடவையாவது எழுந்திருப்பார். போக ஐந்து, வர ஐந்து என்று ஒரு ராத்திரிக்கு முப்பது நிலைப்படி. அதுவும் தூக்கக் கலக்கத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில். மழை நாளில் வளவு முற்றத்துச் சாரல் வேறு அந்தக் கல்லை நனைத்து வைத்திருக்கும்.

வீட்டில் வயதானவர்களை வைத்துப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்றைக்கு ராத்திரியே அவர்கள் நடக்கும் வழியில் விளக்குப் போடாமல் நீங்கள் ஒரு தடவை நடந்து பாருங்கள். எங்கே கால் தடுக்கும், எங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாங்கள் கட்டிலை இரண்டாம் கட்டுக்கு மாற்றினோம். ஐந்து நிலை இரண்டானது. அந்த இரண்டின் விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். மங்கிய கண்ணுக்குக் கறுத்த தேக்கும் தரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிடி வைக்கச் சுவரில் துளை போட்டால் பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தது. அதனால் ஆசாரியை வைத்து நிலைக்காலிலேயே, ஆத்தாவின் இடுப்பு உயரத்துக்குப் பிடி அடித்தோம். சாய்பலகை வைக்கலாமே என்று பலர் சொல்வார்கள். 4 அங்குல உயரத்துக்கு 4 அடி நீளமாவது சாய்வு வேண்டும். குட்டையாக வைத்தால் படியைவிட அது ஆபத்து. கால்மிதிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். தரை பளபளக்க எண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வழி நெடுக விடிவிளக்கு எரியட்டும். சேலை கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். ஆத்தா கண்டாங்கியை அப்படித்தான் கட்டுவார், நைட்டிக்கு மாறிய பிறகுதான் தடுக்க ஆரம்பித்தது. நைட்டியின் ஓரத்தை மூன்று அங்குலம் மடித்துத் தைத்தேன்.

கட்டில் உயரத்தையும் பாருங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். ஆத்தாவின் சீர்க் கட்டில் பர்மாத் தேக்கு, உட்கார்ந்தால் கால் தொங்கும். காலை அறுத்துக் குறைக்கலாம் என்றதும் ஆத்தாவின் முகம் வாடிவிட்டது. கல்யாணத்துக்கு ஐயா செய்து கொடுத்த கட்டில் அது. அதை அப்படியே அறையில் விட்டுவிட்டு, உயரம் குறைந்த கட்டில் ஒன்று வாங்கினோம். வயதானவர்களின் சாமானில் கை வைக்கும்முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எழுந்திருப்பதற்கு ஒரு முறை உண்டு. படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அதிகம். பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டி, ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து எழச் சொல்லுங்கள். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போட்டால் இன்னும் நல்லது. ஆத்தா முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. படுக்கிற இடத்தில் அதுவா என்று கூசினார். திரை கட்டி மறைத்து, விடிவதற்குள் நானே கழுவிக் கவிழ்த்துவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

எவ்வளவு பார்த்தும் விழுந்துவிட்டால், பதறிப்போய் உடனே தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். வயதானால் தாகம் தெரிவது குறைந்துபோகும். நம்ம ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில் உடம்பு வற்றினாலும் தண்ணீர் கேட்க மாட்டார்கள். ராத்திரி எழ வேண்டுமே என்று பயந்தும் சிலர் குடிப்பதில்லை. நான் ஒரு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் கூஜாவைக் காலையில் நிரப்பி ஆத்தாவின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் அது காலியாக வேண்டும். மோர், ரசம், கஞ்சி எல்லாம் அதற்கு மேலே. ஆறு மணிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் ராத்திரி எழுவதும் குறையும். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நான் ஒரு தடவை தவறினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு விசேஷம். கூஜாவை யாரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் ராத்திரி ஆத்தா எழுந்து உட்கார்ந்துகொண்டு, “அப்பச்சி பர்மாவுலேருந்து வந்துட்டாகளா? முகப்புல ஆள் சத்தம் கேக்குதே” என்றார். அப்பச்சி, அதாவது ஆத்தாவின் அப்பா, இறந்து அறுபது வருஷமாகிறது. காய்ச்சல் இல்லை, வலியும் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, மறதி ஆரம்பித்துவிட்டது என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி இரண்டு நாளை வீணாக்கினேன். சோதித்துப் பார்த்தால் சிறுநீரில் தொற்று. மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் ஆத்தா பழைய ஆத்தாவானார். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வரும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று குழம்பினால் தொற்று, தண்ணீர் வற்றுதல், மலச்சிக்கல், சர்க்கரை இறங்குதல், புதிதாகச் சேர்த்த மருந்து என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா மாத்திரையின் பெயரையும் ஒரே தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளும் கூடப் போக வேண்டும். சளி, தூக்கத்துக்கு என்று மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் மாத்திரை வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், குழப்பவும் செய்யும். நீர் பிரியும் மாத்திரையைக் காலையிலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவர்கள் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.

எண்ணெய்க் குளியலை நான் நிறுத்தவில்லை, ஆத்தாவுக்கு அது சந்தோஷம். ஆனால் உள்ளங்காலில் எண்ணெய் படக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்துதான் குளியல். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம், தண்ணீரை நம் முழங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். துவட்டும்போது விரல் இடுக்குகளில் ஈரமில்லாமல் ஒற்றி, உள்ளங்காலைத் தினமும் பாருங்கள். சின்னக் கொப்புளம்கூட அவர்களுக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும்.

சாப்பாட்டில் வெறும் கஞ்சியோடு நிறுத்தாதீர்கள். சதை கரைந்தால் கால் தாங்காது. பருப்பு, முட்டை, தயிர் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் வேண்டும். இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் பல் இல்லாமலும் இறங்கும். சாப்பிட்டதும் படுக்க விடாமல் அரைமணி நேரம் உட்கார வையுங்கள்.

வேலையை எல்லாம் நாமே பிடுங்கிக்கொள்ளவும் கூடாது. ஆத்தா காலையில் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து கீரை ஆய்வார். மத்தியானம் ஓலையை நனைத்து வைத்தால் கொட்டான் என்கிற ஓலைக் கூடை பின்னுவார். முன்பு ஒரு நாளில் முடிப்பதற்கு இப்போது பத்து நாளாகிறது, ஆகட்டும். நடுவில் தூணைப் பிடித்து எழுந்து உட்கார்வது ஐந்து தடவை, காலையும் மாலையும்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தூக்கம், மலம் கழித்தது, கூஜா காலியானதா, புதிதாக ஏதாவது சொன்னாரா என்று தினம் நாலு வரி போதும். பார்த்துக்கொள்கிறவருக்கும் ஓய்வு வேண்டும். மாதத்தில் மூன்று நாள் நான் சென்னைக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது அண்ணமிண்டி, அதாவது அண்ணி, வந்து தங்குவார்கள். போன தடவை நான் திரும்பி வந்தபோது நோட்டில் இப்படி எழுதியிருந்தார்கள்: “ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தாக. கொட்டானுக்குச் சிவப்புச் சாயம் வேணுமாம், வரும்போது வாங்கிட்டு வரச் சொன்னாக.”