மதுரை போகிறீர்களா? உங்கள் தெருவின் எல்லாப் பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

மதுரைக்குச் சும்மா ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு இது தேவைப்படாது. மீனாட்சி, ஜிகர்தண்டா, கறிதோசை என்று முடித்துக்கொண்டு ராமேசுவரம் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அங்கே ஒரு வீடோ, வீட்டில் ஒரு பங்கோ, குறைந்தது தாத்தா பெயரில் ஒரு பழைய பத்திரமோ உள்ளவர்களுக்கு. மெல்பர்னிலிருந்து நான் போனதும் அதற்காகத்தான். பத்திரத்தில் ஒரு பெயரும் பலகையில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாகத் தெருக்கள் வாழும் ஊர் அது. அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் சுலபமானவை. கோயிலைச் சுற்றி ஐந்து சுற்று வீதிகள். மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எந்த மாதத் திருவிழாவுக்குச் சாமி எந்த வீதியைச் சுற்றியதோ அந்த மாதத்தின் பெயர் அந்த வீதிக்கு. ஆவணி மாத மூல நட்சத்திரத்தில்தான் சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா. அதனால் அந்த வீதிக்கு நட்சத்திரமும் சேர்ந்தே பெயராகிவிட்டது. ஆனால் இந்தக் கணக்கை நம்பி லாட்ஜ் போடாதீர்கள். சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடாது, மாசி வீதியில்தான் ஓடும். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் மாசியில் நடந்த கல்யாணத் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றினார், மாசியில் அறுவடை நேரம், தேர் இழுக்க ஆள் கிடைக்காது என்பார்கள் ஊரில். விழா மாதம் மாறியது, வீதி மாறவில்லை. தேரோட்டத்தன்று மாசி வீதியில் அறை எடுத்தால் ஜன்னலிலிருந்து தேர் பார்க்கலாம். பெட்டியோடு ஆட்டோவில் வாசலில் போய் இறங்க மட்டும் முடியாது.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கீழ, மேல சமாசாரத்தைச் சொல்லிவிடுங்கள். கீழமாசி வீதி கிழக்கே, மேலமாசி வீதி மேற்கே. என் மகன் 'கீழ' என்றதும் இறங்குவதற்குப் படி எங்கே என்று தேடினான். போன் வரைபடம் 'வெஸ்ட்', 'ஈஸ்ட்' என்று காட்டும், ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் கட்டணம் அப்போதே ஏறிவிடும். மேலமாசி, தெற்காவணி மூல வீதி என்று சேர்த்து, கொஞ்சம் அலட்சியமாகச் சொல்லிப் பழகுங்கள். தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளுக்கு. மேலமாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பர் 22ஆம் தேதி சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு இருக்கிறது, இப்போது கீழே கதர்க்கடை.

மாசி வீதி மூலைகளில் வடம்போக்கித் தெரு என்று சில உண்டு. வழிகாட்டிகள் யாரும் அங்கே கூட்டிப் போவதில்லை. நீங்களாகப் போங்கள். தேர் மூலையில் திரும்பும்போது அதற்கு முன்னால் வடம் பிடித்து நிற்கிற நூற்றுக்கணக்கான ஆட்கள் திரும்ப முடியாது. அவர்கள் நேராகப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் வடம்போக்கி. மூலையில் நின்று பார்த்தால் வீதி வலப்பக்கம் வளைய, அந்தத் தெரு மட்டும் வளையாமல் போவது தெரியும். ஊரைத் திட்டம் போட்டவன் தேருக்கு மட்டும் கணக்குப் பார்க்கவில்லை, இழுக்கிறவனுக்கும் பார்த்திருக்கிறான்.

ரயிலடிக்கு எதிரே லாட்ஜ் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மேலவெளி வீதியிலோ மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலோதான் தங்குவார்கள். இந்த வட்டாரம் கோட்டைச் சுவர் போன இடத்தில் முளைத்தது. விசுவநாத நாயக்கர் கட்டிய கோட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதி வரை ஊரைச் சுற்றி நின்றது. கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்க முடிவெடுத்தார். கையில் பணம் இல்லை. மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே அந்த இடம் என்று அறிவித்தார். ஜனம் மண்வெட்டியோடு வந்துவிட்டது. அளந்து கொடுத்த சர்வேயர் மாரட் பெயரில் மாரட் வீதி. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்கு வீதி கிடைக்கவில்லை, விளக்குத்தூண்தான் கிடைத்தது. அந்தத் தூண் அவர் நினைவாக நட்டது என்பது அதன் அடியில் துணி வாங்குகிற பலருக்குத் தெரியாது. ஒரு மேஸ்திரிக்குக் கிடைத்த மரியாதை கலெக்டருக்குக் கிடைக்காத ஊர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

விளக்குத்தூண் பக்கம் போனால் பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். துணிக்கடைப் பலகைகளுக்கும் கரண்ட் ஒயர்களுக்கும் நடுவில், எதையும் தாங்காமல், கருங்கல் தூண்கள் நிற்கும். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். இன்றைக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மஹால் அதில் ஒரு பகுதிதான். நவபத்கானா தெரு அரண்மனைக்கு மேளம் முழங்கிய இடம். எழுகடல் தெருவில் குளத்தைத் தேடாதீர்கள். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டதற்காகச் சிவன் ஏழு கடலையும் வரவழைத்த குளம் என்பது கதை. இப்போது கடைகள்தான். யானைக்கல், சிம்மக்கல் எல்லாம் கல் சிலையால் வந்த பெயர், அவ்வளவுதான்.

சரி, இனி தாத்தாவின் பத்திரத்தோடு நான் போய் நின்ற அலுவலகம்.

எதென்று சொல்லப்போவதில்லை. எங்கள் சந்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை, சொன்னால் பங்காளிகள் போன் செய்வார்கள். வடக்குமாசி வீதிக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் தெருப்பெயர் ஒருவருடைய பெயரும் அவருடைய சாதிப் பட்டமுமாக இருக்கிறது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1970களின் கடைசியில், தெருப்பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னார்கள். பலகையில் பட்டம் போனது, பெயர் நின்றது. சென்னையில் டாக்டர் நாயர் ரோடு வெறும் டாக்டர் ரோடு ஆன கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் சந்தில் அப்படிச் சிரிக்க ஒன்றும் இல்லை. வீட்டுவரி ரசீது பலகையைப் பார்த்து எழுதப்பட்டது. அத்தையின் ஆதார் அட்டையில் யாரோ ஒரு பையன் காதில் விழுந்தபடி தட்டிய வேறொரு எழுத்துக்கூட்டல். அக்கம்பக்கத்தில் யாரும் இந்த மூன்றையும் சொல்வதில்லை. முக்கில் இருக்கிற பிள்ளையாரை வைத்துப் பிள்ளையார் கோயில் சந்து என்பார்கள். அந்தச் சந்தின் அகலம் ஒரு ஆட்டோ போனால் எதிரே வருகிறவர் திண்ணையில் ஏறி நிற்கிற அளவு. அதற்கு நான்கு பெயர்.

"பத்திரத்துல இருக்கிற தெரு எங்க கம்ப்யூட்டர்ல இல்லையே சார்" என்றார் எழுத்தர்.

"அந்தத் தெருதான் சார் இந்தத் தெரு."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியணும்ல."

இரண்டும் ஒன்று என்று சான்று வாங்கி வரச் சொன்னார். யாரிடம் என்று கேட்டேன். அடுத்த கட்டடத்தைக் காட்டினார். அங்கே, பெயரை மாற்றியது நாங்கள் இல்லையே, மாற்றினவர்களைக் கேளுங்கள் என்றார்கள். மாற்றினவர்கள் என்று அவர்கள் காட்டிய இடத்தில், மாற்றிய உத்தரவின் நகல் இருந்தால் தரலாம், ஆனால் நகல் பழைய கட்டடத்தில் இருந்தது, பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்றார்கள். ஒவ்வொருவரும் மரியாதையாகவே பேசினார்கள். அதுதான் எரிச்சல். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்து, ஆஸ்திரேலியாவில் கங்காரு வீட்டுக்குள் வருமா என்று கேட்கிறவரிடம் எப்படிக் கத்துவது?

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம், அதில் அதே தெருவில் குடியிருக்கும், என்னைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. சின்ன விஷயம் என்றுதான் நினைத்துப் போனேன். போய் நின்றால் என் தெருவில் என்னைத் தெரிந்தவர் யாருமில்லை. பக்கத்து வீடு பிளாஸ்டிக் சாமான் குடோன். அடுத்தது பெண்கள் விடுதி. கிரிக்கெட் ஆடிய காலி மனையில் மூன்று மாடி எழுந்து செல்போன் உறை மொத்த வியாபாரம். இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "வக்கீல் வீட்டுப் பேரனா?" என்றார். அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி எவ்வளவு என்பது வரை சொன்னார். கையெழுத்தும் போட்டார். இன்னொன்று எதிர்வீட்டு அக்கா. அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, போடாமல், உள்ளே திரும்பித் தன் மருமகளிடம் சத்தமாகச் சொன்னார்: "அப்பா செத்தப்ப வராத புள்ள, வீட்டுக்கு வந்திருக்கு பாரு."

அது விமானமே ஓடாத கொரோனாக் காலம். சொல்ல வாய் வந்தது. அவர்தான் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்தவர் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. பேசாமல் நின்றேன். போட்டுக் கொடுத்தார், காப்பியும் கொடுத்தார்.

அந்தப் பத்திரத்தோடு போனால் எழுத்தரின் நாற்காலி காலி, முகாமுக்குப் போயிருக்கிறார். அவர் வந்தபோது மேலே கையெழுத்துப் போட வேண்டியவருக்கு மாறுதல். புதிதாக வந்தவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தார். படித்துவிட்டு, "டவுன் சர்வே நம்பர் இருக்கே, தெருப்பேரு எதுக்கு?" என்றார். வார்டு, பிளாக், டவுன் சர்வே நம்பர் மூன்றும் சரியாக இருந்தால் நிலம் எது என்பதில் சந்தேகம் இல்லை, தெருவை எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். அந்த அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள், முன்பு இல்லை என்றவரும் சேர்த்து.

ஆகவே, கிளம்புவதற்கு முன்பே உங்கள் வீட்டின் டவுன் சர்வே நம்பரைக் கண்டுபிடியுங்கள். பத்திரத்தில் அது இல்லாவிட்டால் நகர நில அளவைப் பதிவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சொத்தின் மேல் கடன், விற்பனை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வில்லங்கம் போடும்போது பழைய தெருப்பெயர், புதிய தெருப்பெயர் இரண்டிலும், பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டிலும் தேடச் சொல்லுங்கள், ஒன்றில் தேடினால் பாதிதான் வரும். தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, உங்களுக்காக வேறொருவர் செயல்பட பவர் பத்திரம் அனுப்புகிறவர்கள், சொத்து விவரத்தில் "பத்திரப்படி இன்ன தெரு, தற்போது இன்ன தெரு" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். அந்தப் பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இங்கே அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது போல அங்கே வைக்கக்கூடாது. பழைய கடித உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சல் முத்திரையோடு பழைய முகவரி இருக்கிற உறை எனக்கு ஒரு மேசையில் உதவியது. மனு கொடுத்தால் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

உறவுக்காரர்கள் பற்றி ஒன்று மட்டும். நான் அலைவது தெரிந்ததும் சித்தப்பா வந்தார். "பாத்தியா தம்பி, பட்டத்தை எடுத்ததால வந்த வினை. பழைய பேரையே வைக்கச் சொல்லி நாங்க நாலு பேர் மனுக் குடுக்கப் போறோம், செலவுக்கு நீ டாலர்ல ஏதாச்சும் பாத்துச் செய்" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பெயரால் நான் பட்ட பாடு நிஜம், அதற்காக அந்த வாலைத் திரும்ப ஒட்ட வேண்டியதில்லை. அந்தச் சந்தில் யார் திண்ணையில் உட்காரலாம், யார் செருப்பைக் கையில் எடுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் பாட்டி சொன்ன கதைகளிலேயே இருக்கிறது. 2025 அக்டோபரிலும் தெரு, சாலைகளின் சாதிப் பெயர்களை நீக்குவது பற்றி அரசாணை வந்திருக்கிறது, அதனால் உங்கள் தெருவின் பெயரும் மறுபடி மாறலாம். மாறினால் மாறட்டும். மாற்றுகிற உத்தரவின் நகலைக் கையோடு வாங்கி, நாலு பிரதி எடுத்து, ஒன்றை ஊரிலேயே இருக்கிற யாரிடமாவது கொடுத்து வையுங்கள். சித்தப்பா இப்போது என்னோடு பேசுவதில்லை, ஆகவே என் பிரதி அத்தை வீட்டுக்குத்தான் போகும்.

சித்திரைத் திருவிழாவை ஒட்டி மட்டும் அலுவலக வேலைக்குத் தேதி போடாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் நாற்காலியில் ஆள் இருப்பார், மனசு வைகையில் இருக்கும். தை மாதம் பொங்கல் கழிந்த பிறகு போங்கள், வெயிலும் குறைவு.