கண்ணில் ஈ மோதி, உறுத்தல் நிற்கவில்லையா?

நல்ல வெயிலில் ஆட்டு மந்தையை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். ஒரு ஈ வலது கண்ணில் சுண்டினாற்போல் மோதிவிட்டுப் போனது, உட்காரக்கூட இல்லை. தூசி பட்டதுபோல் கசக்கிவிட்டேன். அதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள்.

செம்மறி ஆட்டின் மூக்கில் புழு விடும் ஈ அது. ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்று பெயர். முட்டையிடாமல் உயிருள்ள புழுக்களையே பறந்தபடி பீய்ச்சும். குறி தவறினால் மனிதக் கண். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான்.

உடனே சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். கழுவியதோடு சரியாகிவிடும் என்று இருந்துவிட வேண்டாம். புழுவின் வாயில் கொக்கி உண்டு, கண்ணின் மேல்சவ்வைக் கவ்விக்கொள்ளும். கண்ணாடி முன் நின்று பஞ்சு, இடுக்கி என்று நீங்களே இறங்காதீர்கள்.

அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். போனதும் முதலில் "கண்ணில் ஈ பட்டது" என்று சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டேன். சாதாரணக் கண் சிவப்பு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் கண்ணுக்குள் ஏதோ ஊர்வதுபோலவே இருந்தது, நீர் நிற்காமல் வழிந்தது.

மறுநாள் வேறொரு மருத்துவர் ஸ்லிட் லாம்பில், அதாவது கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவியில் பார்த்தார். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் இமை மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளுமாம்; எளிதில் தப்பிவிடுவது அதனால்தான். மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமையைப் புரட்டி, நுண்ணிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஐந்து. வலி இல்லை, இழுபடும் உணர்வு மட்டும். கண்ணாடித் தகட்டில் ஒன்றைக் காட்டினார்: கண்ணாடி போன்ற உடல், முனையில் இரண்டு கறுப்புக் கொக்கிகள், அப்போதும் நெளிந்துகொண்டிருந்தது. எந்த ஈயின் புழு என்று உறுதிசெய்ய அதைச் சாராயக் கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

ஆட்டு ஈயின் புழு மனிதக் கண்ணில் முதல் பருவத்தைத் தாண்டி வளராது. பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். மாட்டைத் தாக்கும் ஹைப்போடெர்மா வகைப் புழு அப்படியில்லை, கண்ணுக்குள்ளேயே புகுந்து விழித்திரைக்கு அடியில் ஊரக்கூடும். பார்வை மங்கினாலோ கண் முன்னே ஏதாவது மிதந்தாலோ கண்ணின் பாப்பாவை (கருவிழியின் நடுத் துளையை) விரித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் யாருக்கும் தொற்றாது, பயப்பட வேண்டாம். ஆனால் உறுத்தல் குறைந்துவிட்டது என்று மறு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த நாள் போனபோது என் கீழிமை மடிப்பில் ஆறாவது புழு இருந்தது.