மியூசிக்கல் தியேட்டரில் கோடை இன்டர்ன்ஷிப்: மேடைக்குப் பின்னால் முதல் சில வாரங்கள்

வசன நாடகத்தில் ஒரு நாற்காலி இரண்டு நொடி தாமதமாக மேடைக்கு வந்தால் நடிகர் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். பாட்டும் நடனமும் நேரடி இசைக்குழுவும் சேர்ந்த நாடகமான மியூசிக்கலில் அதற்கு வழியில்லை. அந்த இரண்டு நொடிக்குள் இசைக்குழு அடுத்த வரிக்குப் போயிருக்கும். நடிகர் பாடிக்கொண்டே, இல்லாத நாற்காலியில் எப்படி உட்காருவது என்று தவித்துக்கொண்டிருப்பார். தொழில்முறைக் குழு ஒன்றில் புதிதாகச் சேரும் இன்டர்ன் கற்க வேண்டியதில் பாதி, இந்தக் கடிகாரத்துக்குப் பழகுவதுதான்.

இங்கே சொல்வது ஸ்டேஜ் மேனேஜ்மென்ட் பிரிவில், அதாவது ஒத்திகையையும் மேடைக்குப் பின்னால் நடப்பதையும் ஒழுங்குபடுத்தும் பிரிவில், சேர்பவர்களுக்கு. உடை, ப்ராப்ஸ் (நடிகர்கள் மேடையில் கையாளும் பொருள்கள்), ஒலிப் பிரிவுகளுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: சேருவதற்கு முன் கேட்டுவிடுங்கள்

கோடை சீசன் நடத்தும் பல குழுக்கள் பகலில் அடுத்த நாடகத்தை ஒத்திகை பார்க்கும், இரவில் நடப்பு நாடகத்தை நடத்தும். இரண்டிலும் உங்களைப் போட்டால் காலையில் உள்ளே போனவர் நள்ளிரவை ஒட்டித்தான் வெளியே வருவீர்கள். ஆகவே எழுத்தில் கேளுங்கள்: எத்தனை நாடகங்கள், வாரத்தில் எந்த நாள் ஓய்வு, உதவித்தொகையும் தங்குமிடமும் உண்டா, யாரிடம் வேலை கேட்க வேண்டும், டெக் வாரம் (ஒத்திகை அறையை விட்டு மேடையில் விளக்கு, ஒலி, அலங்காரத்தோடு ஓட்டிப் பார்க்கும் வாரம்) எந்தத் தேதியில். ஓய்வு நாள் பெரும்பாலும் சனி, ஞாயிறாக இருக்காது. அன்றுதான் அரங்கம் நிறையும். டெக் வாரத்தில் தேர்வு, கல்யாணம், பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: நாடகத்தைக் காதால் அல்ல, தாளால் படியுங்கள்

எல்லோரும் செய்வது பாடல் ஆல்பத்தை ஐம்பது முறை கேட்பது. கேட்கலாம், ஆனால் நம்பாதீர்கள். ஆல்பத்தில் பாட்டுக்கு நடுவே வரும் வசனத்தையும் நீண்ட நடனப் பகுதிகளையும் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். வேகமும் உங்கள் குழுவின் இசை இயக்குநர் வைக்கும் வேகமாக இருக்காது. வசனப் பிரதியையும் பியானோ ஸ்கோரையும் (பாடல்களின் இசைக் குறிப்புப் புத்தகம்) கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள்.

ஸ்வரக் குறிப்பு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பார் எண்ணத் தெரிந்தால் போதும். பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி, தாளத்தின் ஒரு முழுச் சுற்று. நான்கு அடி (தாளத் தட்டு) கொண்ட பார், நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், சரியாக 2 நொடி. அப்படியானால் 16 பார் என்பது 32 நொடி. அதே 16 பாரை 60 அடி வேகத்தில் வாசித்தால் 64 நொடி. உடை மாற்றவும் மேடை அலங்காரப் பொருளை நகர்த்தவும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்கோரில் மூன்று சொற்களைத் தேடி வட்டமிடுங்கள். ‘வேம்ப்’ என்று எழுதியிருந்தால், நடிகர் தயாராகும்வரை இசைக்குழு அந்தச் சில பார்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். இசை உங்களுக்காகக் காத்திருக்கும் இடம் அநேகமாக அது ஒன்றுதான். ‘சேஃப்டி’ என்றால் தேவைப்பட்டால் மட்டும் திரும்ப வாசிப்பார்கள். ‘சேகுவே’ என்றால் கைதட்டலுக்கு நிற்காமல் அடுத்த பாடல் தொடங்கிவிடும். கைதட்டல் நேரத்தில் மேசையை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இந்தச் சொல்லிடம்தான்.

குறிப்பெல்லாம் பென்சிலில் மட்டும். இயக்குநர் தினமும் மாற்றுவார் என்பது ஒரு காரணம். இன்னொன்று கடைசியில் வரும்.

படி 3: பையில் என்ன

முழுக்கை கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், சத்தமில்லாத ரப்பர் அடி கொண்ட, விரல் மூடிய கறுப்பு ஷூ. மினுங்கும் பட்டன், வெளிச்சம் விடும் கைக்கடிகாரம் வேண்டாம். மங்கலான சிறு டார்ச் ஒன்று. அதன் முகப்பில் நீல ஜெல் தாள் (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஒட்டிக்கொண்டால் வெளிச்சம் பார்வையாளர் பக்கம் தெறிக்காது. பென்சில்கள், ரப்பர், ஸ்டாப்வாட்ச், 8 மீட்டர் அளவு டேப், வேலைக் கையுறை. மேடைக் குறியிடும் 12 மில்லிமீட்டர் துணி டேப்பைக் குழுவே கொடுக்கும். அலங்காரப் பொருள்களை ஏற்றி இறக்கும் நாளுக்கு முனை கெட்டியான ஷூ தனியாக வேண்டும்.

படி 4: ஒத்திகை அறைத் தரையில் மேடையை வரைதல்

உங்களிடம் வரும் முதல் பெரிய வேலை அநேகமாக இதுதான். இதில் நேர்ந்த தவறு பல வாரம் கழித்துத்தான் தெரியவரும் என்பதால் அவசரப்படாதீர்கள்.

1. தரை வரைபடத்தின் அளவுகோலைப் பாருங்கள். 1:25 என்றால் தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 25 சென்டிமீட்டர். அமெரிக்க வரைபடங்களில் அரை அங்குலம் ஒரு அடியைக் குறிக்கும், அது 1:24.
2. வரைபடத்தின் ஓரத்தில் உள்ள அளவுக் கோட்டை ஸ்கேலால் அளந்து சரிபாருங்கள். பிடிஎஃப் கோப்பை ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று அச்சிட்டால் படம் சுருங்கிவிடும். 94 சதவீதமாகச் சுருங்கினால் 10 மீட்டர் மேடை 9.4 ஆகிவிடும். நடனக்காரர்கள் அந்த இடைவெளிக்கே பழகி, உண்மை மேடையில் இடம் பிசகி நிற்பார்கள்.
3. நடுக்கோட்டையும், அதற்குச் செங்குத்தாக மேடையின் முன் கோட்டையும் முதலில் போடுங்கள்.
4. முன் கோட்டின் இரு முனைகளிலும், முனைக்கு ஒருவராக, இரு அளவு டேப்புகளின் நுனியைப் பிடிக்கட்டும். வரைபடத்தில் ஒரு முனையிலிருந்து படிக்கட்டின் மூலை 7.2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 180. மற்ற முனையிலிருந்தும் அப்படியே கணக்கிட்டு, இரு டேப்பும் சந்திக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். கண்ணால் செங்கோணம் பிடிப்பதைவிட இது நம்பகமானது.
5. புள்ளிகளைத் துணி டேப்பால் இணையுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு நிறம். டேப்பை இழுத்து ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் சுருங்கி முனை கிளம்பும், நடனக்காரர் கால் தடுக்கும். தளர்வாக வைத்து அழுத்துங்கள்.

மியூசிக்கலுக்கே உரிய ஒன்று கடைசியில்: மேடையின் முன் விளிம்பில் எண்கள். நடுவில் 0, இருபுறமும் 2, 4, 6 என்று ஈரடிக்கு ஒன்று. “நாலில் நில்” என்று நடன இயக்குநர் சொல்வது இதைத்தான். ஓர் எண் தவறான இடத்தில் இருந்தால் வரிசையே கோணிவிடும், போட்டவர் பெயர் நன்றாக ஞாபகத்தில் இருக்கும்.

இடம், வலம் எல்லாம் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் கையை வைத்து. முதல் வாரம் எல்லோரும் குழம்புவார்கள். ஸ்கோரின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒத்திகை நாள்

வேலை தொடங்குவதற்கு அரை மணி முன்பே போய், தரையைப் பெருக்கி, பியானோ, நாற்காலி, வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் தயாராக்குங்கள். இடைவேளைக் கணக்கு பெரும்பாலும் உங்கள் கையில் விடப்படும். அமெரிக்காவின் ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்க விதிப்படி 55 நிமிட ஒத்திகைக்குப் பிறகு 5 நிமிடம், அல்லது 80 நிமிடத்துக்குப் பிறகு 10 நிமிடம். மற்ற இடங்களில் குழுவின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். “ஐந்து நிமிடம்” என்று அறிவித்தால் நடிகர்கள் “நன்றி, ஐந்து” என்று திருப்பிச் சொல்வார்கள். அது உபசாரம் அல்ல, கேட்டோம் என்பதற்கான ரசீது. பதில் வராவிட்டால் கேட்கவில்லை என்று பொருள். மறுபடி போய்ச் சொல்லுங்கள்.

வேடிக்கையான ஒன்று: பிரிட்டனில் ‘அரை மணி’ அழைப்பு திரை எழ 35 நிமிடம் இருக்கும்போதே வரும். அங்கே அழைப்புகளை எல்லாம், நடிகர்கள் மேடையோரம் வந்து நிற்க வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். அது திரைக்கு 5 நிமிடம் முன்பு.

வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை வந்தால், நடிகர் “லைன்” என்று கேட்டவுடன் முதல் நான்கைந்து சொற்களை உணர்ச்சி இல்லாமல், உரக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை வாய் திறக்காதீர்கள். மௌனம் நடிப்பாகவும் இருக்கலாம்.

படி 6: ப்ராப்ஸ் மேசை

மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதன் எல்லையை வரைந்து பெயர் எழுதுங்கள். காலிக் கட்டம் கண்ணில் பட்டால் என்ன காணோம் என்பது அந்த நொடியே தெரியும். நாடகத்துக்கு முன் இரண்டு முறை பட்டியலோடு சரிபாருங்கள், இரண்டாவது முறை பொருளைத் தொட்டு. கண்ணால் மட்டும் பார்த்தவர்கள், பெட்டியைத் திறக்காமல், உள்ளே கடிதம் இல்லாமலே மேடைக்கு அனுப்பிவிடுவார்கள். துப்பாக்கி, கத்தி போன்றவற்றைப் பொறுப்பாளர் தவிர யாரும் தொடக்கூடாது. போலி என்றாலும் அப்படித்தான்.

படி 7: அவசர உடை மாற்றம்

30 நொடியில் ஒருவரைப் பிச்சைக்காரரிலிருந்து இளவரசராக்குவது மந்திரம் அல்ல, அடுக்கும் முறை. கீழே ஷூ, லேஸுக்குப் பதில் எலாஸ்டிக் போட்டது. அதன் மேல் பேன்ட், வளையமாகச் சுருட்டி, கால் நேராக ஷூவுக்குள் இறங்கும்படி. சட்டை பிரித்தபடி உங்கள் கையில். ஒருவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கைகள் மட்டும். எந்தக் கை முதலில் என்பதை நடிகரோடு பேசி முடிவு செய்து, தினமும் அதே வரிசையில் செய்யுங்கள்.

நேரம் எடுக்கும்போது, நடிகர் மேடையை விட்டு இறங்கும் அடியில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, திரும்ப மேடைக்குள் நுழையும் இடத்தில் நிறுத்துங்கள். நடை நேரத்தைச் சேர்க்காமல் “22 நொடியில் முடிந்தது” என்று சந்தோஷப்படுவது வழக்கமான தவறு.

அடிக்கடி சிக்கல் தருவது மைக். முதுகுப் பக்கம் ஓடும் மெல்லிய கம்பி ஜிப்பில் சிக்கும். அவசரத்தில் இழுத்தால் அறுந்துவிடும், மிச்ச நாடகத்துக்கு அந்தக் குரல் கேட்காது. ஜிப் போடும் கையின் மறுகை கம்பியை ஒதுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நெற்றியோர மைக்கின் வாயில் வியர்வையோ ஹேர் ஸ்ப்ரேயோ அடைத்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். தலைக்கு ஸ்ப்ரே அடித்த பிறகே மைக் பொருத்தச் சொல்லுங்கள்.

படி 8: டெக் வாரம்

ஒத்திகை அறையை விட்டு மேடைக்கு வரும் வாரம். பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து மணி நேர வேலை என்ற நாள்கள் இதில்தான் வரும். நடிகர்கள் இல்லாமல் விளக்கும் அலங்காரமும் மட்டும் ஓட்டிப் பார்ப்பது ஒரு கட்டம். ஒரு கியூவிலிருந்து (ஒரு மாற்றத்தைச் செய்ய வேண்டிய கணம்) அடுத்த கியூவுக்குத் தாவுவது இன்னொன்று. ‘சிட்ஸ்ப்ரோபே’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு உட்கார்ந்தபடி நடத்தும் ஒத்திகை என்று பொருள். பாடகர்களும் முழு இசைக்குழுவும் முதன்முதலாகச் சேரும் நாள் அது. பியானோவில் கேட்ட பாட்டு இசைக்குழுவில் வேறு மாதிரி ஒலிக்கும், நீங்கள் அடையாளம் வைத்திருந்த ராகத் துணுக்கு எங்கோ மறைந்துவிடும். எனவே அந்த நாளில் ஓரமாக உட்கார்ந்து உங்கள் கியூக்களை மறுபடி காதால் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரன் ஷீட்டில், அதாவது எந்தக் கணத்தில் எதைச் செய்வது என்ற பட்டியலில், ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: பக்கம் 42, பாடல் 9, பார் 31, பாடகி முதல் படியில் கால் வைக்கும்போது, இடது விங்கிலிருந்து (மேடையின் மறைந்த பக்கவாட்டு இடம்) வண்டியைத் தள்ளு, நீலக் குறியில் நிறுத்து, சக்கரத்தைப் பூட்டு. நீங்கள் காய்ச்சலில் படுத்தால் வேறொருவர் அதைப் படித்து அப்படியே செய்ய முடிய வேண்டும். “வண்டி உள்ளே” என்று எழுதினால் முடியாது.

ஹெட்செட்டில் ஸ்டேஜ் மேனேஜர் “ஸ்டாண்ட்பை” (தயாராக இரு) சொன்னதும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். “கோ” வந்த கணம் செய்யுங்கள். வேறு எந்த அர்த்தத்திலும் ஹெட்செட்டில் “கோ” சொல்லாதீர்கள். யாராவது ஒரு விளக்கை அணைத்துவிடுவார்கள். பேசாதபோது மைக்கை அணைத்து வையுங்கள். “ஹோல்ட்” என்று கேட்டால் பாடல் நடுவிலும் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மேலிருந்து “ஹெட்ஸ்” (தலை ஜாக்கிரதை) என்ற கூச்சல் வந்தால் அண்ணாந்து பார்க்காமல் தலையைக் காத்தபடி விலகுங்கள். தீத்தடுப்புத் திரை இறங்கும் கோட்டில் எதையும் வைக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட.

அலங்காரத்தையும் உடையையும் படமெடுத்து வலையில் போடும் ஆசை இந்த வாரத்தில்தான் வரும். அனுமதி இல்லாமல் வேண்டாம்.

படி 9: கடைசி இரவு

கடைசிக் காட்சி முடிந்ததும் ‘ஸ்ட்ரைக்’, அதாவது கட்டியதை எல்லாம் கழற்றுவது. கெட்டி ஷூவும் கையுறையும் இதற்குத்தான். யாரிடமும் கேட்காமல் ஆணியையோ போல்ட்டையோ கழற்றாதீர்கள். மேலே தொங்குவது எதன் பலத்தில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. எல்லோரும் போன பிறகு காலி மேடை நடுவில் ஒற்றை பல்பு கொண்ட ‘கோஸ்ட் லைட்’ எரியும். பேய்க் கதைகள் ஆயிரம் இருந்தாலும், மறுநாள் இருட்டில் வருகிறவர் இசைக்குழுப் பள்ளத்தில் விழாமலிருக்கத்தான் அது.

பிறகு ஸ்கோர்கள். பெரும்பாலான மியூசிக்கல்களின் ஸ்கோர் வாடகைக்கு வருவது. பென்சில் குறிப்புகளை அழித்துத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தால் அப்படியே செய்ய வேண்டும், தவறினால் குழுவுக்கு அபராதக் கட்டணம் வரலாம். அந்த வேலை இன்டர்னுக்குத்தான் வரும். நல்ல ரப்பர் இரண்டு எடுத்துப் போங்கள், துகள்களைத் துடைக்க மெல்லிய பிரஷ் ஒன்றும்.